மூளைப் படம் நோயைச் சொல்லுமா?



மூளையைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டால் மனத்தின் நோய் இன்னதென்று தெரிந்துவிடும் என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றி வருகிறது. கல்லாதவர் மட்டும் அல்லர், கல்லூரியில் பயில்வோரும் அப்படித்தான் எண்ணுகின்றனர். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டுகிறது. இதயம் கெட்டால் இ.ஸி.ஜி. காட்டுகிறது; மனம் கெட்டால் மட்டும் ஒரு கருவி காட்டாதா? நியாயமான கேள்விதான். ஆனால், தனி ஒருவரைப் பொறுத்தமட்டில், காட்டாது என்பதே இன்றுவரை உள்ள நிலை. காட்டும் என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்களை நம் குடும்பங்கள் நம்பலாகாது என்பதும், அந்தக் கருவிக்கு மாற்றாக நம் மாணவர் கையில் ஒரு பொருள் இருக்கிறது என்பதும் என் கட்சி.

நான் குடியிருப்பது கிடர்பூரில். துறைமுகம், வாட்கஞ்சு, ஃபேன்சி மார்க்கெட் என்றால் உங்களுக்கு இடம் தெரியும். மலிவாகக் கைக்கடிகாரம் வாங்குவதற்கு அல்லாமல் நம் மாணவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. துறைமுக வேலையை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் சில அங்கே உண்டு. அவற்றுள் ஒன்றின் தாயார், நான் உளநூல் பயில்கிறேன் என்று கேள்விப்பட்டு, சென்ற ஆண்டு ஒரு மாலை பெரிய உறை ஒன்றுடன் வந்தார். "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லேன்" என்றார். அவருடைய மகனுக்கு ஆறு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. மின்விசிறி சுழல்வதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான். உறைக்குள் வழவழப்பான தாள்கள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து பார்த்தாற்போல் வட்டமான தலைகள். அவற்றின்மேல் சிவப்பும் மஞ்சளும் நீலமும் திட்டுத்திட்டாக. கீழே ஆங்கிலத்தில், இன்ன அலை மிகுதி, இன்ன பகுதி மந்தம் என்று குறிப்பு. எடுத்துக் கொடுத்தது ஒரு தனியார் நிலையம். பெயர் இங்கு வேண்டா. கொடுத்த பணம் அந்தத் தந்தையின் அரைமாதச் சம்பளத்துக்கு மேல். அதைத் தொடர்ந்து நாற்பது நாள் 'மூளைப் பயிற்சி' என்று இன்னொரு தொகையும் கேட்டிருந்தார்கள்.

பையனோடு எவரும் தரையில் உட்கார்ந்து விளையாடிப் பார்க்கவில்லை. எப்போது உட்கார்ந்தான், எப்போது நடந்தான், சொல்லிய சொல் ஏதேனும் பின்னர் மறைந்ததா என்று தாயை எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த அம்மாளுக்கு வங்காளி வராது. இந்தியோ கடைத்தெருவுக்குப் போதும் அளவுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருகிறேன்.

கிடர்பூருக்கும் மனநோய்க்கும் பழைய உறவு ஒன்று உண்டு. எங்கள் தெருவிலிருந்து புறப்பட்டு, டாலி நாலா என்கிற ஆதிகங்கைப் பாலத்தைத் தாண்டி, குதிரைப் பந்தயத் திடலை ஒட்டிக் கிழக்கே நடந்தால் பவானிபூர், ஆலிப்பூர் வட்டாரம் வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்தில் இரண்டு பைத்தியக்கார விடுதிகள் இருந்தன. ஒன்று ஐரோப்பியருக்கு, 1817இல் தனியார் விடுதியாகத் தொடங்கிப் பின்னர் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. மற்றொன்று நம்மவருக்கு, டல்லண்டா என்னும் இடத்தில். பைத்தியத்திலுமா நிறம் பார்த்தார்கள் என்று வியக்க வேண்டா. அந்தக் காலத்தில் எதில்தான் பார்க்கவில்லை?

அன்று இத்தகைய விடுதிக்கு ஒருவரைக் கொண்டுவரும்போது ஒரு படிவமும் உடன் வரும். பெயர், வயது, தொழில் என்பவற்றோடு 'பைத்தியத்துக்குக் காரணம்' என்று அதில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை நிரப்பியவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், போலீஸ்காரர். தெருவில் பிடிபட்ட ஒருவனுக்கு ஏன் சித்தம் கலங்கிற்று என்று போலீஸ்காரருக்கு எப்படித் தெரியும்? ஆனால் கட்டத்தை வெறுமையாக விட முடியாதே! 'கஞ்சா' என்று எழுதினார்கள். விடுதி மேற்பார்வையாளர் அதைப் பேரேட்டில் பெயர்த்தெழுதினார். பேரேடுகள் சேர்ந்து ஆண்டறிக்கைகள் ஆயின. அறிக்கைகளைப் படித்தவர்கள், இந்தியாவில் பைத்தியத்துக்குக் கஞ்சாவே பெருங்காரணம் என்று முடிவு கட்டினார்கள்.

இதை ஆராய 1893இல் அரசு ஒரு குழு அமைத்தது. அக்குழு முதலில் கூடியதும் இதே கல்கத்தாவில்தான். பிரிட்டிஷ் இந்திய விடுதிகளில் 1892ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டவர்கள் 1,344 பேர். அவர்களுள் 222 பேருக்குக் கஞ்சா முதலியவையே காரணம் என்று ஏடுகள் கூறின. குழுவினர் ஒவ்வொன்றையும் மறுபடி துருவி விசாரித்தனர். எஞ்சியவை 98. அவற்றிலும் கஞ்சா ஒன்றே காரணம் என்று கொள்ளத்தக்கவை 61. மற்றவை எல்லாம் கட்டத்தை நிரப்புவதற்காக எழுதப்பட்ட எழுத்து. (கஞ்சா தீங்கற்றது என்று நான் சொல்ல வரவில்லை. இளவயதில் மிகுதியாகப் புகைப்பவர்க்கு மனச்சிதைவின் அபாயம் கூடுகிறது என்பதை இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. விடுதித் தோழர்கள் கவனிக்க.)

அந்தக் கட்டம் இன்றும் இருக்கிறது. படிவத்தில் இல்லை, நம் மனத்தில். "ஏன் என் பிள்ளைக்கு இப்படி?" என்று தாய் கேட்கும்போது அது திறந்து கிடக்கிறது. அதில் எழுத ஒரு விடை விலைக்குக் கிடைக்குமானால், வயிற்றைக் கட்டியாவது வாங்கி எழுதுகிறோம். அன்று கஞ்சா என்று எழுதினார்கள். இன்று 'இடப்பக்க மூளை மந்தம்' என்று வண்ணத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள்.

கருவியின் கதையைச் சற்றுச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஜேனா என்னும் நகரில் மனநோய் மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிந்தார். ஐந்தாண்டு தயங்கி, 1929இல்தான் வெளியிட்டார். கண்ணை மூடி ஓய்ந்திருக்கும் மனிதனின் தலையில் வினாடிக்குச் சுமார் பத்து என்னும் கணக்கில் ஓர் அலை எழுகிறது. கண்ணைத் திறந்தால் அடங்குகிறது. அதன் அளவு ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. கைவிளக்கின் பாட்டரிக்கு முன்னால் அது ஒரு பொருட்டே அன்று. ஆனால் அவ்வளவு சிறிய அலையில்தான் பெரிய வெற்றி ஒன்று கிடைத்தது. 1935இல் பாஸ்டன் நகரத்தில் கிப்ஸ், டேவிஸ், லென்னாக்ஸ் என்னும் மூவர், காக்காய் வலிப்பின் ஒரு வகையில் வினாடிக்கு மூன்று என்னும் கணக்கில் முள்ளும் அலையுமாக ஒரு வடிவம் எழுவதைக் கண்டனர். வகுப்பில் திடீரென்று சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் பிள்ளை சோம்பேறியா, நோயாளியா? அந்த வடிவம் சொல்லிவிடும். பேயும் பிசாசும் சாமியாட்டமும் என்று நூற்றாண்டுகளாக நினைத்த ஒரு நோய், தாளின்மேல் மை கோடாக வந்து நின்றது.

ராஞ்சியில் 1918இல் ஐரோப்பியருக்கென்று ஒரு பெரிய மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. கல்கத்தாப் பக்கத்து ஐரோப்பிய நோயாளிகளும் அங்கே போயினர். இன்று அது மத்திய மனநோய் மருத்துவ நிறுவனம், எல்லோருக்கும் உரியது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948இல், அங்கே மின்னலை வரைவுப் பிரிவு தொடங்கிற்று. பிற்காலத்தில் ஒரே தலையில் 192 மின்முனைகளைப் பொருத்தி ஆராயும் அளவுக்கு வளர்ந்தது. ஆகவே, இந்தக் கலை நமக்குப் புதிதன்று. எட்டு மின்முனையிலிருந்து 192க்கு வந்தும், மனச்சிதைவையோ மனச்சோர்வையோ ஒரு தாளைப் பார்த்துச் சொல்லும் வித்தை ராஞ்சிக்கும் வரவில்லை, பாஸ்டனுக்கும் வரவில்லை.

அப்படியானால் நோய்தோறும் மூளையின் வேலை வேறுபடுவதில்லையா என்று கேட்பீர்கள். வேறுபடுகிறது. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் உள்ளன. சிக்கல் எங்கே என்பதைத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரே மாதிரியான ஓசை அடுத்தடுத்து வரும்போது நடுவே மாறுபட்ட ஓசை ஒன்று வந்தால், மூளையில் சுமார் 300 மில்லி வினாடி கழித்து ஓர் அலை எழும். 1965இல் ஸட்டன் என்பவர் குழுவினர் கண்டது இது. மனச்சிதைவு உள்ளவர்களிடம் இவ்வலை சிறுத்திருக்கிறது. ஒரு முறை இருமுறை அன்று, நூற்றுக்கணக்கான ஆய்வுகளில். ஆகா, கண்டுபிடித்துவிட்டோம் என்று எழுந்து நிற்பதற்குள், குடிநோயாளிகளிடமும் அது சிறுத்திருப்பது தெரிய வந்தது. இன்னும் ஒருபடி மேலே, குடியே அறியாத, ஆனால் குடிநோயாளியின் மகனாகப் பிறந்த சிறுவரிடமும் சிறுத்திருக்கிறது. முதுமை மறதியிலும் அப்படியே. மற்றொன்று: வினாடிக்கு 40 என்ற கணக்கில் ஓசையைக் கேட்கச் செய்தால் மூளையும் அதே கணக்கில் தாளம் போடும். மனச்சிதைவில் அந்தத் தாளம் தளர்கிறது என்று 1999இல் கண்டார்கள். பின்னர் இருதுருவ நோயிலும் தளர்ச்சி தெரிந்தது. ஆட்டிசம் உள்ள சிறுவரிடமும் தெரிந்தது. 2015இல் வெளியான ஒரு பெருந்தொகுப்பு, 193 ஆய்வுகளை, ஏறத்தாழ 16,000 பேருடைய மூளைப் படங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. மனச்சிதைவு, இருதுருவ நோய், மனச்சோர்வு, போதை அடிமைத்தனம், ஓ.சி.டி., பதற்ற நோய் என்று ஆறு வகை. ஆறிலும் குறைவு கண்ட பகுதிகள் பெரும்பாலும் ஒன்றே! ஆறு நோய்க்கும் ஆறு முகவரி இருக்கும் என்று தேடிப்போனால், ஒரே தெருவில் எல்லோரும் கூடி நிற்கிறார்கள்.

அடுத்து, சராசரி என்னும் சங்கதி. ஆடவரின் சராசரி உயரம் பெண்டிரின் சராசரி உயரத்தினும் கூடுதல். இதில் எவருக்கும் ஐயம் இல்லை. சரி, ஐந்தடி நான்கங்குலம் உள்ள ஒருவர் திரைக்குப் பின்னால் நிற்கிறார். அவர் ஆணா, பெண்ணா? சொல்ல முடியுமா? மூளைப் படத்தின் வேறுபாடுகள் பல இந்த உயர வேறுபாட்டினும் மிகச் சிறியவை. நூறு பேரை இந்தப் பக்கமும் நூறு பேரை அந்தப் பக்கமும் நிறுத்தினால் வேறுபாடு தெரிகிறது. கிடர்பூரில் ஒரு பையனைத் தனியே நிறுத்தினால் ஒன்றும் தெரிவதில்லை. கூட்டத்தைப் பற்றிய உண்மையை ஆளைப் பற்றிய தீர்ப்பாக விற்பதுதான் இந்த வாணிகத்தின் சூட்சுமம்.

சிறுவர் விஷயத்தில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு அமெரிக்கக் கதை ஒன்று உண்டு. கவனம் நிலைக்காமல் துடிதுடிப்பாய்த் திரியும் பிள்ளைகளின் மூளையில் மெதுவான தீட்டா அலை மிகுந்து, விரைவான பீட்டா அலை குறைந்திருக்கிறது. இரண்டின் விகிதத்தைக் கணக்கிட்டால் நோய் தெரிந்துவிடும் என்று 1990களில் பேசத் தொடங்கினர். 2013இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மருத்துவரின் சோதனைக்குத் துணையாக மட்டும் என்ற நிபந்தனையோடு, இத்தகைய கருவி ஒன்றுக்கு இசைவளித்தது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு பழைய புள்ளிகளை எல்லாம் கூட்டிப் பார்த்தது. ஆண்டு செல்லச் செல்ல வேறுபாடு தேய்ந்து வந்திருப்பது தெரிந்தது. காரணம் வேடிக்கையானது: நோயுள்ள பிள்ளைகள் மாறவில்லை, நோயற்ற பிள்ளைகளின் விகிதம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது! இக்காலத்துப் பிள்ளைகளின் தூக்கக் குறைவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். 2016இல் அமெரிக்க நரம்பியல் கழகம், இந்த விகிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்கும் வழக்கம் வேண்டா என்று அறிவுரை வெளியிட்டது. ஆனால் கப்பலில் பழைய சரக்கு கிடர்பூருக்கு வந்து சேர்வதுபோல, அங்கே ஐயத்துக்கு உள்ளான சரக்கு இங்கே புதிய விஞ்ஞானமாக வந்து இறங்குகிறது.

மீன் கதையையும் சொல்லிவிடுகிறேன். வங்கத்தில் இருந்துகொண்டு மீனை விடலாமா? 2009இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் ஒரு ஸால்மன் மீனை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, மனிதரின் புகைப்படங்களைக் காட்டி, இந்த மனிதர் என்ன உணர்கிறார் என்று கேட்டார்கள். மீனின் மூளையில் ஒரு சிறு புள்ளி ஒளிர்ந்தது. மீன் செத்த மீன்! ஒரு படத்தில் ஆயிரமாயிரம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தால் தற்செயலாகவே சில ஒளிரும். அதைக் கணக்கில் கழிக்காவிட்டால் செத்ததும் சிந்திக்கும் என்று காட்டவே அதைச் செய்தார்கள். பின்னர் 2020இல் மற்றொரு சோதனை. ஒரே படத்தொகுதியை 70 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்து, ஒன்பது கேள்விகளுக்கு விடை கேட்டனர். எந்த இரு குழுவும் ஒரே முறையில் கணக்கிடவில்லை. பல கேள்விகளுக்கு விடைகளும் வேறுபட்டன. இவர்கள் எல்லாம் உலகின் தேர்ந்த ஆய்வாளர்கள். அவர்களிடையே இந்நிலை என்றால், மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு வண்ணத்தாள் அச்சிடுகிறவரைப் பற்றி நான் என்ன சொல்ல!

இவ்வளவு சொன்னதும் ஒரு கூட்டம் கைதட்டி எழும். "பார்த்தீர்களா, மூளையில் ஒன்றும் இல்லை, எல்லாம் மனத்தின் பலவீனம், வளர்ப்பின் கோளாறு, கிரகத்தின் கோலாட்டம்" என்பார்கள். அவர்கள் கைதட்ட வேண்டா. கருவி ஓர் ஆளின் நோயைச் சொல்லாது என்றால் நோய் மூளையில் இல்லை என்று பொருளா? 1993இல் லண்டனில், காதில் குரல் கேட்கும் மனச்சிதைவு நோயாளிகளைச் சோதித்தார்கள். குரல் கேட்கும் பொழுது, நாம் பேசுவதற்குப் பயன்படும் புரோக்கா பகுதியில் இரத்த ஓட்டம் கூடியது. கேளாத பொழுது அவ்வாறில்லை. அந்த மனிதர் நடிக்கவில்லை. அவருடைய மூளையே பேசுகிறது. பேசுவது தானென்று அது அறியவில்லை. இதைத் தெரிந்துகொண்டவன் அவரை எள்ளி நகையாடுவானா, பிரம்பால் அடிப்பானா? ஆட்டிசத்துக்குத் தாயின் அன்பற்ற நெஞ்சே காரணம் என்று மேல்நாட்டார் பல்லாண்டு சொல்லி எத்தனை தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள்! அந்தப் பழியைத் துடைத்ததில் மூளை ஆய்வுக்குப் பெரும்பங்கு உண்டு.

இதில் கல்கத்தாவுக்கும் ஒரு பெருமை இருக்கிறது. நம் மாணவர் பலர் அறியார். கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு மருத்துவர்கள் 1931இல், சர்ப்பகந்தா வேர் சித்தக் கலக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தாவதைக் குறித்துக் கட்டுரை எழுதினர். நாட்டு வைத்தியர் கையில் இருந்த வேர். 1952இல் ஸ்விட்ஸர்லாந்தில் அதிலிருந்து ரெஸர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். மனநோய் மருந்துகளின் முதல் வரிசையில் அதுவும் நின்றது. அது மூளையில் ஸெரடோனின் முதலிய பொருள்களை வற்றச் செய்கிறது என்று 1955 அளவில் தெரிந்தது. மூளை இரசாயனத்தை வைத்து மனச்சோர்வை விளக்கும் கொள்கைக்கு அதுவும் ஒரு வித்து. அந்தக் கொள்கையை இன்று பலர் ஐயுறுகின்றனர், அது வேறு. விஞ்ஞானம் தன்னைத் தானே ஐயுறுவதுதான் அதன் அழகு. விற்பவர்தாம் ஐயுறுவதில்லை.

சட்டம் இதைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருக்கிறது. 2008இல் புனே நீதிமன்றம் ஒன்று, குற்றம் சாட்டப்பட்டவரின் மூளை மின்னலையையும் சான்றாகக் கொண்டு ஒரு தண்டனை வழங்கியது. 2010 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், செல்வி எதிர் கர்நாடக அரசு என்னும் வழக்கில், ஒருவருடைய விருப்பத்துக்கு மாறாக இத்தகைய சோதனையைச் செய்வது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகவே கருவி மனம்போல் சாட்சி சொல்லலாகாது என்றால், ஆறு வயதுக் குழந்தையின் மேல் அது தரும் தீர்ப்பை மட்டும் நாம் ஏன் கைகட்டிக் கேட்க வேண்டும்?

ஏன் கேட்கிறோம் என்பதற்கு என்னிடம் ஒரு விடை உண்டு. கருவிக்கு மொழி தேவை இல்லை. கிடர்பூர் அம்மாள் அந்த நிலையத்தை நாடியது அறியாமையால் அன்று. மருத்துவரிடம் போனால் பேச வேண்டும். பிள்ளையின் ஆறு ஆண்டுக் கதையைச் சொல்ல வேண்டும். எந்த மொழியில் சொல்வார்? தலையில் தொப்பியை மாட்டினால் அது தானே பேசிவிடும் என்றபோது அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! மனநோய் மருத்துவத்திலும் குழந்தை வளர்ச்சி மருத்துவத்திலும் நோயறியும் கருவி இன்றும் சொல்தான். வலிப்பு உண்டோ என்ற ஐயம் எழுந்தால் மின்னலை எடுக்கச் சொல்வார்கள். கட்டியோ காயமோ என்று ஐயம் எழுந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள், அவற்றை மறுக்கலாகாது, கட்டாயம் எடுக்க வேண்டும். ஆனால் ஆட்டிசம் என்றோ மனச்சிதைவு என்றோ சொல்வது கதையைக் கேட்டும், ஆளைப் பார்த்தும்தான்.

நம் பல்கலைக்கழகத்தில் உளநூல் துறை 1916லேயே தோன்றியது. அதில் பணியாற்றிய டாக்டர் கிரீந்திரசேகர் போஸ் அவர்கள் 1922இல் இந்திய உளப்பகுப்புக் கழகத்தைத் தொடங்கினார். 1933இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோய்க்கென்று வெளிநோயாளர் பிரிவு திறந்தார். பொது மருத்துவமனை ஒன்றில் இந்தியாவிலேயே அதுதான் முதல். இன்று அது ஆர்.ஜி.கர் கல்லூரி. அவருடைய கொள்கைகள் எல்லாவற்றையும் நான் ஏற்கிறவன் அல்லன். ஆனால் உட்கார்ந்து கேட்பது என்பதை ஒரு மருத்துவமுறையாக இந்நகரில் நிலைநாட்டியவர் அவர். அவரிடம் வந்தவர்கள் வங்காளியில் பேசினார்கள். அவர் வங்காளியில் கேட்டார்.

தமிழ்நாட்டிலேயே, தாய்மொழி பேசும் மருத்துவர்கள் சூழ இருந்தும், கேட்பார் இல்லாமல் போனவர்கள் உண்டு. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் மாண்டனர். அதன் பின்னர் எவ்வளவோ பேசப்பட்டு, 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. ஊரில் நிலை அது என்றால், மொழி தெரியாத ஊரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் நிலை என்ன?

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுவிழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும். கூடவே ஒன்று செய்வோம். கிடர்பூரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், டி.எல். கான் சாலையில், அரசின் மனநோய் மருத்துவ நிலையம் இருக்கிறது. தெற்கே தாரதலாவில், 1974இல் தொடங்கப்பட்ட இந்தியப் பெருமூளை வாத நிறுவனம் இருக்கிறது. பேச்சு வராத பிள்ளைகள் படத்தைத் தொட்டுக்காட்டித் தம் எண்ணத்தைச் சொல்லப் பழக்கும் கலையில் அது நெடுங்காலப் பழக்கம் உடையது. (பிள்ளைக்குப் படம் வேண்டுமானால் அந்தப் படம் வேண்டும்: தண்ணீர்ச் சொம்பு ஒன்று, சோற்றுத் தட்டு ஒன்று, அம்மா ஒன்று.) இத்தகைய இடங்களுக்குத் தமிழ்க் குடும்பம் போகும்போது, வங்காளியும் தமிழும் நன்கறிந்த மாணவர் ஒருவர் உடன் போக வேண்டும். பத்துப் பேர் போதும், முறை வைத்துக்கொள்ளலாம்.

போகிறவர் செய்ய வேண்டியது மொழிபெயர்ப்பு மட்டுமே. அம்மா சொன்னதைச் சுருக்கக் கூடாது, நாகரிகமாக்கக் கூடாது. "காத்து கருப்பு அடிச்சிருக்கும்" என்று அவர் சொன்னால் அதையும் அப்படியே சொல்ல வேண்டும்; அது மூடநம்பிக்கை என்று நடுவில் சொற்பொழிவு ஆற்றலாகாது. மருத்துவருக்கு அதுவும் செய்திதான். கேட்டதை விடுதியில் வந்து பேசக் கூடாது. இந்த விதியை மீறுகிறவர் மறுமுறை போகலாகாது. கேள்விகளைத் தமிழில் ஒரு தாளாக அச்சிட்டுத் தாய்மாரிடம் முன்னதாகவே கொடுக்கலாம்: முதலில் எப்போது சிரித்தான், விரல் நீட்டி எதையாவது காட்டினானா, இருந்த சொல் போனதா, காய்ச்சலோ வலிப்போ வந்ததா, காது கேட்கிறதா என்று யாரேனும் சோதித்தார்களா என்று. கடைசிக் கேள்வி முக்கியம். காது கேளாமையைச் சோதிக்காமலே பேச்சு வராத பிள்ளைக்கு வேறு பெயர் சூட்டிவிடுவது உண்டு.

2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை, 14416 என்னும் எண்ணில், தமிழிலும் பேசுகிறது, கட்டணம் இல்லை. அதைக் கிடர்பூரில் நான் கேட்ட ஏழெட்டுக் குடும்பங்களில் ஒன்றுகூட அறிந்திருக்கவில்லை. அந்த எண்ணையும் தாளின் தலைப்பில் பெரிதாக அச்சிட வேண்டும்.

அந்த அம்மாளிடம் வண்ணத்தாளைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவருடைய அரைமாதச் சம்பளம் அது. பத்திரமாக வையுங்கள், ஆனால் நாற்பது நாள் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டா என்றேன். டி.எல். கான் சாலைக்குப் போகும் நாளில் நான் உடன் வருவதாகச் சொன்னேன், போனோம். மருத்துவர் முக்கால் மணி நேரம் கேட்டார். காதுச் சோதனைக்குச் சீட்டு எழுதினார். அடுத்த முறை தந்தையையும் அழைத்து வரச் சொன்னார். தந்தைக்குப் பகல் வேலை. எனக்கு அந்த நாளில் தேர்வு. பத்துப் பேர் வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான். பெயர் கொடுக்க விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் இம்மாத இறுதிக்குள் கொடுங்கள்.